பதினோரு மணி மாங்காய்

ஓசூர் சிப்காட்டில் நாராயணப்பனின் கம்பி வலைத் தொழிற்சாலைக்கு அந்தப் பெரிய தறி வந்து இறங்கிய அன்று இரண்டு கிரேன்கள் மூச்சு வாங்கின. மூன்றாவது கிரேன் வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. பத்தடி அகலத் தறி. எவர்சில்வர் கம்பியைப் பருத்தி நூல் மாதிரி நீளவாக்கில் பாவாக ஏற்றி, குறுக்கே ஊடையாக ஓட்டி, அடித்து இறுக்கித் தள்ளும். அது ஓடினால் தொழிற்பேட்டை முழுக்க டீ கிளாஸ்கள் மேசையை விட்டுத் தாமாகவே இறங்கி நடந்து போகும்.

அந்த ராட்சசனை அடக்கத் தெரிந்த ஒரே ஆள் ரத்தினவேல். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அங்கே இருபத்திரண்டு வருடம் சேலை நெய்துவிட்டு, மைத்துனன் பேச்சைக் கேட்டு ஓசூருக்கு பஸ் ஏறியவர். சின்னத் தறிகளில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குச் சல்லடை வலை நெய்துகொண்டிருந்தவரை முதலாளி பெரிய தறிக்கு மாற்றினார். அன்றிலிருந்து ரத்தினவேலின் நடையே வேறு. தறி நின்றுகொண்டிருந்தாலும் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் யாரிடமும் பேசுவார்.

ஆனால் பெரிய தறிக்கு வேலைதான் வரவில்லை. ஒரு வருடமாக அதில் சிலந்திதான் நெய்துகொண்டிருந்தது.

"ரத்தினவேலு, இந்தத் தைக்குள்ள ஒரு பெரிய ஆர்டர் முடிச்சுக் காட்டணும்ப்பா," என்றார் நாராயணப்பன். "இல்லேன்னா தறியப் பழைய இரும்புக்குப் போட்ருவேன். நீ வாட்ச்மேனா கேட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கோ. விசில் நானே வாங்கித் தரேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே ஒரு விசிலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் நடக்கும்போதெல்லாம் அது சாவிக்கொத்தில் இடித்து 'கிணிங்' என்றது. ரத்தினவேலுக்குச் சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் கார்த்திகையில் ஆர்டர் வந்தது. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருக்கும் கங்கப்பன், குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். மொட்டைமாடியில் விருந்து போட வேண்டும். அதற்குக் கூரை வேண்டும், காற்றும் வேண்டும், வானமும் தெரிய வேண்டும், பார்க்கிற பெங்களூர்க்காரனுக்கு வயிறும் எரிய வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து பெங்களூரிலிருந்து சரஸ்வதி என்ற ஆர்க்கிடெக்ட் ஒரே ஒரு யோசனை சொல்லியிருந்தார். கம்பியில் நெய்த துணியால் ஒரு மாங்காய். முப்பதடி நீளம். எட்டுத் தூண்களிலிருந்து இழுத்துக் கட்டினால், பன்னிரண்டடி உயரத்தில் படுத்தவாக்கில் மிதக்கும்.

மழை ஒழுகாதா என்று கங்கப்பன் கேட்டாராம். மழைக்குக் கீழே மண்டபம் இருக்கிறது, இது வெயிலுக்கு என்று சரஸ்வதி சொன்னாராம். அதற்கு மேல் கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களே என்று கங்கப்பன் வாயை மூடிக்கொண்டார். இந்தக் கதையில் எல்லோரும் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வரைபடம் கூரியரில் வந்தபோது நாராயணப்பன் கோயம்புத்தூர் போயிருந்தார். ரத்தினவேல்தான் பிரித்தார். விரித்தால் ஒரு குடும்பம் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய தாள். அதில் இரண்டு மாங்காய்கள் இருந்தன.

ஒன்று மெல்லிய கோட்டில், உள்ளே வெள்ளையாக. இன்னொன்றும் அதே அளவு, அதே வடிவம். ஆனால் வடமேற்காகக் கொஞ்சம் தள்ளி, முதல் மாங்காய்க்குப் பாதி அடியில் நுழைந்து, உள்ளே நெருக்க நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். அதன் பக்கத்தில் சிறியதாக 11 என்று ஓர் எண்.

ரத்தினவேலுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் சேலை டிசைன் தாள் தலைகீழ்ப் பாடம். கட்டம் கறுப்பாக இருந்தால் அங்கே பாவு எழும்ப வேண்டும், வெள்ளையாக இருந்தால் இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் சும்மா அழகுக்காக ஒருவரும் தாளில் கறுப்பு வைத்து அவர் பார்த்ததில்லை. கறுப்பு வைத்திருந்தால் அது நெய்வதற்குத்தான். கோடு நெருக்கமாக இருந்தால் நெசவும் நெருக்கம். 11 என்றால் அங்குலத்துக்குப் பதினோரு கம்பி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இருந்தாலும் மனசுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் மனைவி பேச்சியம்மாளிடம் கேட்டார்.

"ஏளா, ஒரு கூரைக்கு எதுக்கு ரெண்டு மாங்கா?"

"ஒத்த மாங்கா போட்ட சேலைய எவ உடுத்துவா?" என்றாள் பேச்சியம்மாள், குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாங்கான்னா ஜோடிதான். இதுகூடவா மறந்து போச்சு?"

போதாதா? ரத்தினவேல் இரண்டையும் நெய்தார். வெள்ளை மாங்காய் வெளிச்சம் வடியும் இளநெசவு. கறுப்பு மாங்காய் அடர்நெசவு, தூக்கிப் பிடித்தால் மழை மேகம் மாதிரி இருண்டு நிற்கும். இருபத்தாறு நாள் தறி ஓடிய ஓட்டத்தில் அத்திப்பள்ளி வரை கர்நாடகத்துக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

நாராயணப்பன் திரும்பி வந்து பார்த்தபோது தொழிற்சாலைத் தரையில் இரண்டு மாங்காய்கள் கிடந்தன.

"ஏமய்யா, ரெண்டு இருக்குது?"

"படத்துல ரெண்டு இருக்கு முதலாளி."

நாராயணப்பன் வரைபடத்தை வாங்கினார். நேராகப் பிடித்துப் பார்த்தார், பிறகு தலைகீழாகப் பார்த்தார். முதலாளி ஆயிற்றே. "அதான் எனக்குத் தெரியுமே," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பையில் 'கிணிங்' என்றது.

தை பிறந்தது. தை எட்டாம் தேதி மண்டபத் திறப்பு, முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. நான்கு நாள் முன்னதாகவே லாரி குந்தாரப்பள்ளி போய்ச் சேர்ந்தது. வெள்ளை மாங்காயை ஒரே பகலில் எட்டுத் தூணுக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். தட்டினால் வீணை மாதிரி ரீங்கரித்தது. நெடுஞ்சாலையில் போன பஸ்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போயின, அத்தனை பேரும் அந்தப் பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டதால்.

கறுப்பு மாங்காய் மொட்டைமாடியின் மூலையில் சுருண்டு கிடந்தது.

"இது எங்கங்க மாட்டறது?" என்று கேட்டார் எல்லப்பன் மேஸ்திரி. மண்டபத்தைக் கட்டியவர் அவர். "தூணுல கொக்கி காலியா இல்லியே."

ரத்தினவேல் தூண்களை எண்ணிப் பார்த்தார், கொக்கிகளை எண்ணிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எனக்குத் தெரிஞ்சு, சேலையோட ரவிக்கைத் துணி வருமில்லீங்களா, அந்த மாதிரி," என்றார் எல்லப்பன். "மேல இருக்கறது கிழிஞ்சா ஒட்டுப் போட."

"போப்பா, உனக்கு என்னா தெரியும்?" என்றார் கங்கப்பனின் மனைவி சாந்தம்மா. "வத்தல் காயப் போடத்தான் இது. மண் ஒட்டாது, அடியிலயும் காத்து போவும். பெங்களூருப் பொண்ணா இருந்தாலும் குடும்பம் நடத்தத் தெரிஞ்ச பொண்ணு."

கங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. அது டிஷ் ஆன்டெனா. கம்பி வலையிலதான் செய்வாங்க. வெளிநாட்டுப் படமெல்லாம் புடிக்கும்."

இது சந்தைக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மாலைக்குள் பதினேழு பேர் கனெக்‌ஷன் கேட்டு வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் அப்போதுதான் வாங்கிய மாட்டையும் மாடிப்படி வரைக்கும் ஓட்டி வந்திருந்தார்.

நாராயணப்பன் ரத்தினவேலைத் தனியே இழுத்தார். "இத பாரு. ஒனக்குத் தெரிஞ்சு நெஞ்சியா, தெரியாம நெஞ்சியா? ரெண்டாவது மாங்காய்க்கு இங்க ஒரு எடம் இருந்தாவணும். இல்லேன்னா, அத்தன கம்பிய வீணாக்குன ஆளு ஒரு நிமிசம்கூட என் தறியத் தொடக்கூடாது. போயி அந்தம்மாவக் கேளு."

சாலையோர எஸ்.டி.டி. பூத்துக்குள் ரத்தினவேல் நுழைந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாராயணப்பன் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். உள்ளே சிவப்பு எண்கள் குடுகுடுவென்று ஓடின.

"அம்மா, மாங்கா எத்தனைம்மா?"

"ஏனு? மாங்காயா?" சரஸ்வதியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒந்து. ஒண்ணே ஒண்ணுதான். யாக்கே? எதுக்குக் கேக்கறீங்க?"

ரத்தினவேல் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். ஒன்றா? அப்படியானால் படத்தில் இருப்பது? கறுப்பு மாங்காயை வரைந்தது யார்? கூரியர்க்காரனா? கேட்க வாயெடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாராயணப்பனின் சட்டைப் பை தெரிந்தது.

"ஒண்ணுமில்லம்மா. திறப்புக்கு வாங்க," என்று போனை வைத்துவிட்டார்.

"என்னா சொன்னாங்க?"

"படத்துல இருக்கறபடியே போடச் சொல்லுதாங்க," என்றார் ரத்தினவேல். ஐம்பத்திரண்டு வயதில் அவர் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

சொல்லியாகிவிட்டது, இனி படத்தில் இருக்கிறபடி போட்டாக வேண்டும். வரைபடத்தை மாடித் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு செங்கல் வைத்து, அதன்மேல் கவிழ்ந்தார். அவர் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. படத்தில் விருந்து நாற்காலிகளைச் சின்ன வட்டங்களாகப் போட்டிருந்தார்கள். வெள்ளை மாங்காய் அந்த வட்டங்களுக்கு மேலே போனது. கறுப்பு மாங்காயோ வட்டங்களுக்கு அடியில் போனது. எது மேலே, எது அடியில் என்பதுதானே நெசவே? அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"மேஸ்திரி, இது தரையில விரிக்கிறதுங்கேன்."

"தரையிலயா? தரைக்கு எதுக்குங்க துணி? அதுவும் கோணலா, பாதி வெளிய நீட்டிக்கிட்டு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. கிழக்குச் சுவத்துல இருந்து எத்தனை அடி, தெக்குச் சுவத்துல இருந்து எத்தனை அடின்னு படத்துல இருக்கு. நீரு நூலைப் பிடியும்."

இரண்டு பேரும் நூல் பிடித்தார்கள். ஒருமுறை அளந்தது ரத்தினவேலுக்குப் போதவில்லை. ஒன்பது முறை அளந்தார். பன்னிரண்டு ஆட்கள் கறுப்பு மாங்காயைத் தூக்கிவந்து விரித்தார்கள். அரை விரற்கடை தள்ளியிருக்கிறது என்று மறுபடி தூக்கச் சொன்னார். பன்னிரண்டு பேரும் அவருடைய சங்கரன்கோவிலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திறப்பு நாள் விடிந்தது என்று சொல்ல முடியாது. பனி அப்படி. எதிரே வருகிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி மலை காணாமல் போயிருந்தது. பர்கூரிலிருந்து வந்த கங்கப்பனின் சம்பந்தி வீட்டார் தவறுதலாகப் பக்கத்து லாரி ஷெட்டில் நுழைந்து, டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து காப்பி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் பேர் வந்திருந்தார்கள், அல்லது இருநூறு பேர் பத்துத் தடவை சாப்பிட்டார்கள்.

மாடியில் பெண்கள் கறுப்பு மாங்காயின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஐயோ, ஜில்லுனு இருக்குதே!" என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். ரத்தினவேல் படிக்கட்டு வாசலில் நின்றார். பக்கத்தில் நாராயணப்பன். 'கிணிங்'.

பத்து ஐம்பதுக்குச் சரஸ்வதி மாடி ஏறி வந்தார். முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், கதர்ப்புடவை. முதலில் அண்ணாந்து தன் மாங்காயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்தார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"இதேனு? கீழே என்ன இது?"

"நீங்க போட்டதுதானம்மா," என்றார் நாராயணப்பன். "ஒங்க படத்துல இருக்கறபடியே."

"என் படத்திலா?"

ரத்தினவேல் மடித்து வைத்திருந்த வரைபடத்தை நீட்டினார். சரஸ்வதி கறுப்பு மாங்காயைப் பார்த்தார், 11 என்ற எண்ணைப் பார்த்தார், ரத்தினவேலைப் பார்த்தார். மெல்ல அவர் வாய் திறந்தது.

அதே நேரம் பனி விலகியது. யாரோ ஒரு பெரிய போர்வையை ஒரே இழுப்பில் உருவியது போல விலகி, வெயில் பளீரென்று மாடியில் விழுந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் கண் கூசி எழுந்து ஓரமாக ஒதுங்கினார்கள். மேலே இருந்த மாங்காயின் நிழல் தரையில் விழுந்தது. கீழே கிடந்த மாங்காயின் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்தது. ஒரு சாண் நான்கு விரலாயிற்று, நான்கு விரல் ஒரு விரலாயிற்று. எல்லப்பன் மேஸ்திரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி பதினொண்ணுங்க," என்றார்.

நூல் பிசகாமல் பொருந்திவிட்டது. மாங்காயின் மூக்கு மூக்கோடு, காம்பு காம்போடு. நிழல் எது, கம்பி எது என்று பிரிக்க முடியவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சை உள்ளே இழுத்தவர் விடவே மறந்துவிட்டார். சாந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கங்கப்பன், "நான்தான் சொன்னேன்... இப்படித்தான் வரும்னு," என்று நாலா பக்கமும் திரும்பிச் சொன்னார்.

கூட்டம் ஆரவாரித்த சத்தத்தில் சரஸ்வதி ரத்தினவேலின் காதருகே வந்தார். "ஐயா, நான் வரைஞ்சது நிழல். தை மாசம் காலையில பதினோரு மணிக்கு நிழல் எங்க விழும், யாரை எங்க உக்கார வைக்கலாம்னு காட்ட வரைஞ்சேன். நீங்க அதை நெய்துட்டீங்க."

ரத்தினவேல் அண்ணாந்து மேல் மாங்காயைப் பார்த்தார், குனிந்து கீழ் மாங்காயைப் பார்த்தார்.

"நிழலை எதுக்கும்மா வரையணும்? அது தானா விழுமே?"

ஐந்து வருடம் கல்லூரியில் படித்த சரஸ்வதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி," என்று குறுக்கே வந்தார் நாராயணப்பன். அவர் விரல்கள் சட்டைப் பைக்குள் இருந்தன. "இந்தக் கீழ் மாங்காய் ஒங்க படத்துல இருந்துதா, இல்லியா?"

சரஸ்வதி தரையைப் பார்த்தார், ரத்தினவேலையும் பார்த்தார்.

"இருந்தது," என்றார்.

நாராயணப்பன் விசிலை எடுத்து அங்கேயே கங்கப்பனிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மண்டபத்துக் காவல்காரர் தினமும் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதை ஊதுவார். சந்தைக்கு வந்தவர்கள் மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வருவார்கள். பெங்களூர் பஸ் அந்த நேரத்தில் தினமும் பஞ்சராகும்.

ஒரு மாதம் போனது. மாசியில் கங்கப்பனிடமிருந்து போன் வந்தது. போனே தேவையில்லை, குந்தாரப்பள்ளியிலிருந்து கத்தியதே ஓசூரில் கேட்டிருக்கும்.

"என்னாய்யா துணி நெஞ்சீங்க? சுருங்கிப்போச்சு! ரெண்டடி எடம் விட்டு விழுது நிழலு!"

ரத்தினவேல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். கறுப்பு மாங்காயை அளந்தார். சுருங்கவில்லை. வெள்ளை மாங்காயை ஏணி போட்டு அளந்தார். நீளவும் இல்லை. ஆனால் நிழல் தெற்கே இரண்டடி நகர்ந்து விழுந்தது. பன்னிரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கீழ் மாங்காயைத் தூக்கி நிழலுக்கு நேராக வைப்பதற்குள் மணி பதினொன்று இருபதாகி, நிழல் வேறு எங்கோ போயிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பன்னிரண்டு ஆட்களும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் சரஸ்வதிக்குக் கடிதம் போட்டார்கள். சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை, மாதத்துக்கு மாதம் நிழல் இடம் மாறும் என்று அவர் விளக்கி, யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று ஒரு புது வரைபடமும் அனுப்பினார். நாராயணப்பனே கூரியரைப் பிரித்து, பெரிய தறிக்கு முன்னால் விரித்தார்.

வெள்ளை மாங்காய் ஒன்று. கறுப்பு மாங்காய்கள் பன்னிரண்டு.

"பாத்தியா ரத்தினவேலு!" நாராயணப்பனுக்கு முகமெல்லாம் பல். "பன்னெண்டு! கங்கப்பனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். மாசத்துக்கு ஒண்ணு, மொத்தமும் போடுன்னுட்டான். ஒரு வருசத்துக்குத் தறி நிக்காது."

ரத்தினவேலுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரைபடம் தெள்ளத் தெளிவாகப் புரிந்தது. "முதலாளி, இது நிழலுங்க. அந்தம்மாவே எங்கிட்ட சொன்னாங்க. நிழலைத்தான் வரைவாங்களாம்."

"போன தடவ வரைஞ்சதும் நிழல்தானே?"

"ஆமாங்க."

"நீ நெஞ்சே இல்ல?"

"நெஞ்சேங்க."

"பொருந்துச்சா இல்லியா?"

"பொருந்திச்சுங்க."

"அப்புறம் என்னாத்துக்குய்யா என்னக் கொழப்பற?"

ரத்தினவேல் யோசித்தார். முதலாளி சொல்வதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெளிவாக இருந்தது மெல்லக் கலங்கி, கலங்கியது சுழன்று, கடைசியில் நிழலைத்தான் முதலில் நெய்ய வேண்டும், மாங்காய் பிற்பாடுதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது. கை தன்னாலேயே தறியின்மேல் போய் உட்கார்ந்தது. பாவுக் கம்பி ஏற்ற ஆள் வரச் சொன்னார்.

உருளை பாதி சுற்றியபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினார்.

"முதலாளி, ஆடி மாசம் ஒரே மேகமூட்டமால்ல இருக்கும்? வெயிலே அடிக்காது, நிழலும் விழாது. ஆடி மாங்காயை மட்டும் விட்டுறலாமா?"

நாராயணப்பன் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

"படத்துல இருக்கா?"

"இருக்குங்க."

"நெஞ்சுடு."